மூத்தவன் இருக்க இளையவனுக்கு ஏன்?

(ஜீயபுரத்தில் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வூரின் பேரிலேயே ஜீயர் இருக்கிறார். ஆனால் இன்று நடந்த கலியாணத்துக்கு ஜீயரும் வரவில்லை, புரோகிதரும் வரவில்லை, நெருப்பு வளர்த்துப் புகை கிளப்பி மணமக்களைக் கண்ணீர் விட வைக்கவுமில்லை. இருவரும் உங்கள் முன்னிலையில் எழுந்து நின்று, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்ளுவதாகத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள், காரியம் அரைமணி நேரத்தில் முடிந்தது. நாம் இவர்களை ஆசீர்வதிக்க வரவில்லை. அதற்கு வேண்டிய சக்தி நமக்கோ வேறு எவருக்கோ இருப்பதாக நாம் நம்புவதில்லை. மனதாரப் பாராட்டுகிறோம்.

இம்மாதிரி சந்தர்ப்பங்களில் சடங்குகளின் புரட்டைப் பற்றியும் வீண் செலவைப் பற்றியும் பேசுவது நமது வழக்கம். இன்று அதை நிறுத்தி வைத்துவிட்டு வேறொன்றைப் பேசப் போகிறோம். ஏனெனில், காலையில் இப்பந்தலுக்குள் வந்தது முதல் ஒரே கேள்வி நமது காதில் விழுந்துகொண்டேயிருக்கிறது. "மூத்தவன் முப்பத்துநாலு வயதில் நிற்கும்போது இளையவனுக்கு என்ன அவசரம்?" என்பதே அது. மூத்தவனுக்கு ஜாதகத்தில் தோஷம் என்று ஒருவர் சொன்னார். ஏதோ வியாதி என்று இன்னொருவர் சொன்னார். எந்தப் பெண்ணோ ஏமாற்றிவிட்டாள் என்று மற்றொருவர் ஒரு கதையே கட்டிவிட்டார்.

இதற்குப் பதில் சொல்லும்படி மணமகனின் தகப்பனாரே நம்மைக் கேட்டுக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரும், "சொல்லிவிடுங்கள் ஐயா, ஒளித்து ஒளித்துச் சலித்துப்போயிற்று" என்றார். பெண் வீட்டாருக்கு இது நிச்சயத்துக்கு முன்னமேயே தெரியும். இவ்வளவு பேருடைய சம்மதத்தின் மேல்தான் பேசுகிறோம். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் இதைப் பற்றி வாய் திறக்க நமக்கு யாதொரு உரிமையும் கிடையாது. பத்திரிகையில் போடும்போது பேர்களைப் போட வேண்டாமென்றும் சொல்லியிருக்கிறோம்.

கேள்விக்குப் பதில்

தோழர்களே! மூத்தவருக்குத் தோஷமும் இல்லை, வியாதியும் இல்லை. சில ஆண்களுக்குப் பெண்களிடத்தில் ஆசை செல்லுவதில்லை, ஆண்களிடத்திலேயே செல்லுகின்றது. சில பெண்களுக்கும் அதுபோலவே பெண்களிடத்தில் செல்லுகின்றது. இதைத் தன்பாலீர்ப்பு என்று சொல்லுகிறார்கள். (திருநங்கையராயும் திருநம்பியராயும் இருப்பது வேறு விஷயம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இப்படிப்பட்டவர்களைக் குறிக்க ஊரில் வழங்கும் வார்த்தைகள் எல்லாம் வசவு வார்த்தைகள். ஆகையால்தான் தமிழ்நாடு அரசாங்கம் 2022-இல் மரியாதையான சொற்களைத் தொகுத்துக் கெஜட்டிலேயே வெளியிட்டது. மூத்தவர் அப்படிப்பட்டவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், ஏழு வருஷங்களாக அவரோடு திருச்சியில் ஒரே வீட்டில் வாழும் துணைவர். பதில் இவ்வளவுதான்.

இதைக் கேட்டு ஒரு பக்கத்தில் சிரிப்பும், ஒரு பக்கத்தில் முணுமுணுப்பும் கேட்கிறது. கேட்கட்டும். நாமும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து சிரித்தவர்கள்தான். அதைச் சொல்லாமல் மேலே போவது யோக்கியமாகாது.

நாம் செய்த தப்பு

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் நமது நெருங்கிய சிநேகிதர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகன் இதே விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டான். என்ன செய்வது என்று கேட்டார். சாமி இல்லை என்று மேடையேறிப் பேசிய நாம், சோதிடத்துக்கு ருஜு எங்கே என்று கேட்ட நாம், அன்று என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "ஒரு கால்கட்டைப் போட்டுவிடு, எல்லாம் சரியாய்ப் போகும்" என்று சொன்னோம். அதற்கு நம்மிடம் என்ன ருஜு இருந்தது? ஒன்றுமில்லை. நமது பாட்டன் சொன்னான், நாமும் சொன்னோம். புராணத்தை நம்புகிறவனுக்கும் அன்றைய நமக்கும் என்ன வித்தியாசம்?

கலியாணம் நடந்தது. பதினான்கு மாதத்தில் அந்தப் பெண் தாய்வீடு திரும்பினாள். குற்றம் யார் மேல் விழுந்தது? "புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளத் தெரியாதவள்" என்று அவள் மேலேயே விழுந்தது. அவளுக்கு உண்மையை ஒருவரும் சொல்லவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தே அவள் அழுதாள். பையன் ஊரைவிட்டுப் போய்விட்டான். தகப்பனார் கடைசிக் காலத்தில் மகனுடைய முகத்தைப் பார்க்காமலேயே இறந்துபோனார். நமது ஒரு வாக்கியம் மூன்று பேருடைய வாழ்க்கையைக் கெடுத்தது.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லுகிறோம்: இது ஏதோ பிள்ளையைப் பெற்றவன் வீட்டு விவகாரம் என்று இருந்துவிடாதீர்கள். பயமுறுத்தி இவர்களுக்குக் கட்டாயக் கலியாணம் செய்துவைக்கும் வழக்கம் உள்ள வரையில், அந்தக் கலியாணத்தில் பலியாகும் பெண் உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.

இயற்கைக்கு விரோதமா?

"இது இயற்கைக்கு விரோதம்" என்று சொல்லுகிறார்கள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அம்மை குத்திக்கொண்டு, ரெயிலேறி வந்தவர் இயற்கைக்கு வக்காலத்து வாங்கிப் பேசுகிறார்! அது போகட்டும். இயற்கையையே கேட்டுப் பார்ப்போம். உங்களில் ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஆட்டுக்கிடாக்களை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்து பார்த்ததில், நூற்றுக்குச் சுமார் 8 கிடாக்கள் பெட்டையைத் திரும்பிப் பாராமல் கிடாவையே நாடுகின்றன என்று கண்டார்கள். அந்தக் கிடா எந்தச் சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போயிற்று? எந்தப் பட்டணத்துச் சிநேகிதத்தால் கெட்டுப்போயிற்று?

"வியாதியாய் இருக்கலாமே, வைத்தியம் பார்த்தால் என்ன?" என்பார்கள். 1935-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ஒரு தாயார், தமது மகன் இப்படியிருக்கிறான் என்று வருந்தி, வியன்னா நகரத்து மனோதத்துவ வைத்தியர் பிராய்டுக்குக் கடிதம் எழுதினார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது தீய நடத்தையுமல்ல, நோயென்று சொல்லத் தக்கதுமல்ல என்பதாக அவர் பதில் எழுதினார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973-இல் இதை நோய்களின் ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-இல் எடுத்துவிட்டது. நமது நாட்டு மனநல வைத்தியர் சங்கமும் 2018-இல் இது நோயல்ல என்று அறிக்கை விட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. ஆகவே, மருந்து கொடுத்தோ, கரண்டு வைத்தோ மாற்றுகிறேன் என்கிற டாக்டருக்கும், வேப்பிலை அடித்து மாற்றுகிறேன் என்கிற பூசாரிக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பூசாரிக்குப் பீஸ் குறைவு, அவ்வளவுதான்.

மநுவும் வெள்ளைக்காரனும்

"இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம், நமது சாஸ்திரத்தில் கிடையாது" என்று சிலர் பேசுகிறார்கள். கிடையாதென்றால் மநுதர்ம சாஸ்திரம் இதற்குத் தண்டனை எழுதி வைத்திருப்பானேன்? இல்லாத காரியத்துக்கு யாராவது தண்டனை எழுதுவார்களா? அந்தத் தண்டனையின் யோக்கியதையையும் பாருங்கள். 8-ஆம் அத்தியாயத்தில், ஒரு கன்னிப்பெண்ணைக் கெடுத்த ஸ்திரீக்குத் தலையை மொட்டையடி, அல்லது இரண்டு விரலை வெட்டு, கழுதை மேல் ஏற்று என்று இருக்கிறது. 11-ஆம் அத்தியாயத்தில், பூணூல் போட்ட ஆண் மற்றோர் ஆணைக் கூடினால் கட்டிய துணியோடு முழுக வேண்டும் என்று ஒரு சுலோகம் இருக்கிறது. பெண்ணுக்கு விரல் போகும்; அவனுக்கு வேட்டி நனையும். இதுதான் சாஸ்திர நியாயம்!

மேல்நாட்டிலிருந்து வந்தது எதுவென்றால், இதைக் குற்றமாக்கிய சட்டந்தான். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய பீனல் கோடில் 377 என்று ஒரு பிரிவை வைத்தான். அவனுடைய சொந்த இங்கிலாந்தில் 1967-இல் இப்படிப்பட்ட சட்டத்தைத் தளர்த்திக்கொண்டான். நாமோ அவன் போன பின்னும் அவன் விட்டுப்போன விலங்கைப் பாரத தர்மம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். டில்லி ஐகோர்ட்டு 2009-இல் அதை வயது வந்தவர்களின் சம்மதமுள்ள வாழ்க்கைக்குச் செல்லாது என்றது. 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் செல்லும் என்றது. கடைசியாக 2018 செப்டம்பர் 6-ஆந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் ஒருமுகமாக, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தெரியாது என்று சொன்ன நீதிபதி

தோழர்களே! சட்டம் மாறியவுடன் மனது மாறிவிடுமா? மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெற்றோர் எதிர்க்கவே சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களிடம் வந்தது.

அவர் என்ன செய்தார்? எல்லாம் தெரிந்தவர் போலத் தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயத்தில் தாமும் சாதாரண ஜனங்களைப் போலவே விளங்கிக்கொள்ளாதவர் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தமக்குப் பாடம் சொல்லும்படி ஒரு மனோதத்துவ நிபுணரைக் கேட்டு, மாணாக்கர் போல உட்கார்ந்து கேட்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7-ஆந் தேதி உத்தரவு போட்டார். வயது வந்தவர்கள் சம்மதித்து வாழும்போது போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது, மாற்றுகிறேன் என்ற வைத்தியம் கூடாது என்பவை அதில் அடங்கியவை. 2022-இல் தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதிகளிலேயே இத்தொந்தரவைத் தடுக்க ஒரு விதி சேர்ந்தது.

பகுத்தறிவு என்று நாம் சொல்லுவது இதைத்தான். "தெரியாது, தெரிந்துகொள்ளுகிறேன்" என்று சொல்ல முடிந்தவனே பகுத்தறிவுள்ளவன். ஐகோர்ட்டு நீதிபதி தமது ஆசனத்திலிருந்து அப்படிச் சொல்லலாமென்றால், மீசை வைத்த ஒரு தகப்பன் தன் வீட்டுக் கூடத்தில் சொன்னால் மானம் போய்விடுமா?

அந்த வழக்கில் பெற்றோருக்கும் ஆலோசகர் யோசனை சொன்னார். அவர்களுடைய பெருங்கவலை, ஊர் என்ன சொல்லும் என்பதே. மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலமெல்லாம் பிரமச்சரியமாய் இருந்துவிட்டாலும் கௌரவம் என்று நினைத்தார்களாம். பாருங்கள், பெற்ற பெண் தனியாக வாடினாலும் பரவாயில்லை, ஊர் வாய் மூடியிருக்க வேண்டும்! அந்த ஊர் யார்? நாம்தானே! அவர்கள் வேறு யாருக்கும் பயப்படவில்லை, இந்தப் பந்தலில் உட்கார்ந்து "மூத்தவனுக்கு ஏன் இல்லை?" என்று கேட்கிறோமே, நமக்குத்தான் பயப்பட்டார்கள்.

2025 மே மாதத்தில் இன்னொரு வழக்கு வந்தது. 25 வயதுப் பெண்ணைப் பெற்றோர் வீட்டில் தடுத்து வைத்துக்கொண்டார்கள். துணைவி ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லக்ஷ்மிநாராயணன் இருவரும் அப்பெண்ணை நேரில் விசாரித்து, அவள் இஷ்டப்படி போகலாமென்று விட்டார்கள். குடும்பம் உண்டாவதற்குக் கலியாணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னார்கள். எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்பதையும் அத்தீர்ப்பில் குறித்தார்கள். அந்த அம்மையார் 1991-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு ஐகோர்ட்டுக்குப் பிரதம நீதிபதியான பெண்மணி. எழுத்தாளர் விக்ரம் சேத் அவருடைய மகன். 2013-ஆம் வருஷத் தீர்ப்பு வந்தபோது, அது தம் மகனைக் குற்றவாளியாக்குகிறது என்று, தாயாகவும் நீதிபதியாகவும் பத்திரிகையில் எழுதி எதிர்த்தார்.

தாய்மார்கள் செய்த காரியம்

இவ்விஷயத்தில் எங்கும் முன்னால் நிற்பவர்கள் தாய்மார்களே. 1972-இல் நியூயார்க்கில் ஜீன் மான்போர்டு என்ற பள்ளிக்கூட ஆசிரியை, தம் மகனை முரடர்கள் அடித்ததைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். பிறகு ஊர்வலத்தில் மகனோடு, பெற்றோர்களே ஒன்று சேருங்கள் என்ற அட்டையைப் பிடித்து நடந்தார். மறு வருஷம் அவர் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபது பேர் போலத்தான். அது பிற்பாடு அந்நாடு முழுவதும் பரவிய பெரிய சங்கமாயிற்று.

நிஷித் சரண் என்ற இளைஞர், தம்மைப் பற்றித் தாயாரிடம் சொல்லுவதையே 1999-இல் படமாக எடுத்தார். 2002-இல் மோட்டார் விபத்தில் இறந்துபோனார். மகன் போய்விட்டான், இனி நமக்கென்ன என்று தாயார் மின்னா சரண் வீட்டில் உட்காரவில்லை. மற்றப் பெற்றோர்களையும் சேர்த்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் குற்றவாளிகளல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார்.

பம்பாயில் பத்மா ஐயர் என்ற தாயார் 2015-இல் தம் மகனுக்கு மாப்பிள்ளை தேவை என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். அவ்வளவு தைரியமுள்ள அம்மையாரும், சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் விசேஷம் என்று சேர்த்துவிட்டார்! ஆயிரம் வருஷத்துக் கட்டை அறுத்தாலும் சாதிக்கட்டு மாத்திரம் கையோடு வருகிறது பாருங்கள். ஆனாலும் அவர் மகனை மறைக்கவில்லை. அது பெரிது.

பெற்றோர் செய்யவேண்டியது

இந்தத் தகப்பனார் விஷயத்துக்கு வருகிறோம். மகன் வீட்டில் சொன்ன அன்று, தாயார் கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம். தகப்பனார் ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. நடுவில் ஒரு சோதிடரிடம் போய்ப் பரிகாரத்துக்குப் பணமும் அழுதார். பிறகு ஒரு நாள் இரவு கடைசி பஸ்ஸில் நம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, இதற்கு மருந்து உண்டா?" என்றார். "மருந்து இல்லை, ஏனென்றால் நோயில்லை" என்றோம். இருபது வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அன்றுதான் சொன்னோம்.

அதனால் உடனே மனம் மாறிவிட்டார் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த ஆடிக்காற்றில் இவருடைய வாழை சாய்ந்தபோது, மகனும் துணைவரும் திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் முட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இவரே அந்தத் துணைவரைப் பார்த்து, "வெயிலில் நிற்காதே தம்பி, தண்ணீர் குடி" என்றார். அவ்வளவுதான் நடந்தது. மனிதன் மாறுவது இப்படித்தான்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் என்ன செய்வது? யார் உன்னைக் கெடுத்தது என்று கேட்காதீர்கள். அடிக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள், செத்துப்போவேன் என்று மிரட்டாதீர்கள். பெண் பார்க்கவோ மாப்பிள்ளை தேடவோ ஓடாதீர்கள். உங்களுக்கு அவன் சொன்னதைச் சித்தப்பனுக்கும் மாமனுக்கும் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். அந்த இரகசியம் அவனுடைய சொத்து. அவன் பல வருஷம் தனக்குள்ளே வைத்துப் புழுங்கிய பிறகே வாய் திறக்கிறான் என்பதை நினையுங்கள். நேற்று வரை உங்களுக்கு நல்ல பிள்ளையாயிருந்தவன் இன்று சொன்னதனால் என்ன மாறிவிட்டான்? அவன் மாறவில்லை, உங்களுக்குத் தெரிந்தது ஒன்று கூடியிருக்கிறது. சிநேகிதர்களுக்கும் இதுவே. உங்களிடம் ஒருவன் சொல்லுகிறான் என்றால், உங்களை மனிதன் என்று நம்பிச் சொல்லுகிறான். அந்த எண்ணத்தைப் பொய்யாக்காதீர்கள்.

சட்டமில்லாத குடும்பம்

"அப்படியானால் இவர்களுக்கும் கலியாணம் உண்டா?" என்று கேட்பீர்கள். சட்டப்படி இன்றைக்கு இல்லை. 2023 அக்டோபர் 17-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அது சட்டசபைகள் செய்யவேண்டிய காரியம் என்று விட்டுவிட்டது. ஆனால் தோழர்களே, சட்டமில்லை என்று சொல்ல நமக்கு நாக்கு வரலாமா? 1928 முதல் நமது சுயமரியாதைக் கலியாணங்கள் நடந்தன. சட்டம் எப்போது வந்தது? 1967-இல். நடுவில் 1953-இல் சென்னை ஐகோர்ட்டு, இப்படிப்பட்ட கலியாணம் ஒன்று செல்லாதென்றே தீர்ப்புச் சொன்னது. அதற்காக நம்முடைய தகப்பன்மாரும் தாய்மாரும் பிரிந்துபோனார்களா? நாற்பது வருஷம் சட்டம் கைவிட்டபோது அவர்களைக் குடும்பமாக வைத்திருந்தது எது? அக்கம்பக்கத்தார் அவர்களைக் குடும்பமென்று மதித்ததுதான். நமக்கு அன்று கிடைத்த அந்தச் சாட்சியை இன்று இவர்களுக்கு நாம் கொடுக்க மறுத்தால், நம்மைவிட நன்றிகெட்டவர்கள் வேறு யார்?

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள், படித்தவர்களைக் கேளுங்கள், சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யோசிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் பந்தி போடப் போகிறார்கள். மூத்தவரும் அவருடைய துணைவரும் உட்காரும் இலைக்குப் பக்கத்து இலை காலியாய் இருக்கக் கூடாது. நாம் ஒரு பக்கத்தில் உட்காருகிறோம். மறுபக்கத்துக்கு உங்களில் யார் வருகிறீர்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறோம்.

மணமக்கள் ஒருவரையொருவர் சமமாக நடத்தி, நாளை தங்களுக்குப் பிறக்கும் குழந்தை எப்படிப்பட்டதாய் இருந்தாலும் அது பயமில்லாமல் வந்து பேசத்தக்க வீடாகத் தங்கள் வீட்டை நடத்துவார்களாக என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.